தங்கசாலையில் தங்காத தொழில்கள்

சென்னை ஜார்ஜ் டவுனில் பூங்கா நகர்ப் பக்கம் தொடங்கி, வடக்கே பழைய வண்ணாரப்பேட்டையின் வாசல்வரை நீள்கிறது தங்கசாலைத் தெரு. அதற்குப் பெயர் தந்த நாணயச்சாலை அங்கே முப்பது ஆண்டுகூட முழுதாக இயங்கவில்லை.

அதற்கு முன் அது துணிக்காரர்களின் தெரு. பதினெட்டாம் நூற்றாண்டில் கிழக்கிந்தியக் கம்பெனிக்குச் சென்னையில் முதல் வியாபாரம் துணிதான். தறியிலிருந்து இறங்கிய துணி வெளுத்துச் சாயம் ஏறிய பிறகே கப்பலேறும். அந்த வேலைக்காரர்களைக் கம்பெனி இந்தப் பக்கம் குடியமர்த்தியது. ஆங்கிலேயர் இதை வண்ணார் தெரு என்றே குறித்தார்கள்.

கோட்டையில் நடந்துவந்த காசடிப்பு 1841-42இல் தெருவின் வடகோடிக்கு, வெடிமருந்து ஆலையாக இருந்த கட்டடத்துக்கு வந்தது. 1869இல் அது மூடப்பட்டது. பிறகு காசடித்த வளாகத்தில் அரசு அச்சகம் அரசிதழ் அடித்தது.

தெருவில் வேரூன்றிய தொழில் என்றால் புத்தகத்தைத்தான் சொல்ல வேண்டும். யாழ்ப்பாணம் நல்லூர் ஆறுமுக நாவலரின் வித்தியாநுபாலன யந்திரசாலை இங்கேதான் இருந்தது. ‘சென்னபட்டணம், 300, தங்கசாலைத் தெரு’ என்ற முகவரியைப் பழைய சைவ நூல்களின் முகப்பில் பார்க்காத வாசகர் குறைவு. 1879இல் நாவலர் மறைந்தபின் நல்லூர் சதாசிவப் பிள்ளை பொறுப்பேற்றார். இருபதாம் நூற்றாண்டிலும் அங்கிருந்து பதிப்புகள் வந்தன. கடல் கடந்து வந்த ஒருவரின் அச்சுக்கூடம் நாணயச்சாலையைவிட நீண்டகாலம் நிலைத்தது.

அதே நாவலர்தான் வள்ளலாரின் பாடல்களை அருட்பா என்று சொல்லக்கூடாது என்று வாதிட்டவர். 1869இல் அந்தச் சண்டை மஞ்சக்குப்பம் நீதிமன்றம்வரை போனது. வள்ளலார் வளர்ந்ததோ தங்கசாலையை ஒட்டிய ஏழுகிணறு. இன்று தெருவின் வடமுனையில் இருக்கும் பேருந்து நிலையத்தின் பெயர் வள்ளலார் நகர்! ஆனால் ஏறுகிறவர்கள் ‘ஒரு மிண்ட்’ என்றுதான் டிக்கெட் கேட்கிறார்கள்.

பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதியில் கதாகாலட்சேபத்துக்கும் கச்சேரிக்கும் ரசிகர்கள் இங்கே வந்தார்கள். மயிலாப்பூருக்கு அந்தப் பெருமை பிற்பாடுதான் போனது. 1889இல் இந்து தியாலஜிகல் பள்ளி தொடங்கியது. மவுண்ட் ரோடு பக்கம் 1914இல் கெயிட்டி திரையரங்கைக் கட்டிய ரகுபதி வெங்கையா, அடுத்து கிரவுன் அரங்குக்குத் தேர்ந்தெடுத்த இடமும் இதுவே. கூட்டம் எங்கே கூடும் என்பது தெரிந்த மனிதர்.

இதற்கிடையே தெருவை ஒட்டிய சௌகார்பேட்டையில் குஜராத்திகளும் மார்வாடிகளும் வட்டிக்கடை, நகை, துணி என்று கால்பதித்தார்கள். கீழே கடை, மேலே குடும்பம் என்ற பழைய ஏற்பாடு அவர்களுக்கும் ஒத்துவந்தது. பிறகு சரக்கு பெருகப் பெருக, மாடி அறைகளும் கிடங்காயின; வசதி வந்தவர்கள் புறநகருக்குப் போனார்கள். திண்ணை இருந்த இடத்தில் ஷட்டர் வந்தது.

இப்போது தெருவில் பாத்திரக்கடைகள், ஜிலேபிக் கடாய்கள், பானிபூரி வண்டிகள். இங்கே பிரபலமான ஒரு பண்டம் முறுக்கு சாண்ட்விச்: ரொட்டிக்குப் பதில் இரண்டு முறுக்கு, நடுவே வெள்ளரி, தக்காளி, பச்சைச் சட்னி. மாலையில் அதற்குக் கூடும் கூட்டத்தில் சைக்கிளைத் தள்ளிக்கொண்டு போவதே பெரும்பாடு.