தீர்ப்பு வராமல் போன வழக்கு

சொத்து வழக்கு நடக்கும்போது வாதி இறந்தால் வாரிசுகள் தொடர்ந்து நடத்துவார்கள். ஆனால் கொலைக் குற்றம் சாட்டப்பட்டவர் விசாரணை முடியுமுன் இறந்தால் கேஸும் அவரோடு போச்சு. நாட்டையே ஆண்ட ஒருவர் விஷயத்திலும் இதுதான் நடந்தது.

யூகோஸ்லாவியாவின் முன்னாள் அதிபர் ஸ்லோபோதான் மிலோசெவிச், 2006 மார்ச் 11 அன்று நெதர்லாந்தின் ஹேக் நகரில், ஐ.நா. போர்க்குற்ற நீதிமன்றத்தின் காவலறையில் இறந்து கிடந்தார். வயது 64. குரோவேஷியா, போஸ்னியா, கொசோவோ யுத்தங்கள் தொடர்பாக அவர்மீது 66 குற்றச்சாட்டுகள். 2002 பிப்ரவரி 12இல் தொடங்கிய விசாரணையில் தாமே வாதாடினார். இதய நோயும் ரத்தக் கொதிப்பும் இருந்ததால் விசாரணை பலமுறை தள்ளிப்போனது.

சர்ச்சைக்குக் காரணம் இரண்டு. மாஸ்கோவில் சிகிச்சை பெற அவர் அனுமதி கேட்டார். திரும்பி வருவார் என்று ரஷ்யா உறுதி தந்தும் 2006 பிப்ரவரியில் நீதிமன்றம் மறுத்தது. அடுத்தது, அந்த ஜனவரியில் எடுத்த ரத்தப் பரிசோதனையில் ரிஃபாம்பிசின் இருந்தது. நம் நாட்டில் காசநோய்க்குத் தருகிற அதே மருந்து. ரத்தக் கொதிப்பு மாத்திரைகள் சிலவற்றின் வேலையை இது கெடுத்துவிடும். எனக்கு விஷம் வைக்கிறார்கள் என்று அவர் ரஷ்யாவுக்குக் கடிதம் எழுதினார். மாஸ்கோ போவதற்காக அவரே விழுங்கியிருப்பார் என்றார் பரிசோதித்த நிபுணர்.

பிரேதப் பரிசோதனை மாரடைப்பு என்றது. நீதிபதி கெவின் பார்க்கர் 2006 மே மாதம் தந்த விசாரணை அறிக்கையும் இயற்கை மரணம், விஷத்துக்கு ஆதாரம் இல்லை என்றே முடித்தது. ஆனாலும் "கொன்னுட்டாங்க" என்று ஒரு தரப்பும், "தப்பிச்சுட்டான்" என்று இன்னொரு தரப்பும் பேசுவது நிற்கவில்லை.

அந்த வழக்கு மார்ச் 14 அன்று தீர்ப்பின்றி மூடப்பட்டது. குற்றவாளி என்றும் ஆகவில்லை, நிரபராதி என்றும் ஆகவில்லை. ஸ்ரெப்ரெனிகாவில் 1995 ஜூலையில் கொல்லப்பட்டவர்கள் எட்டாயிரம் பேருக்கு மேல். அவர்களின் தாய்மார்கள் எதிர்பார்த்தது அவருடைய சாவை அல்ல, ஒரு தீர்ப்பை. போஸ்னிய செர்பியத் தலைவர் கராட்ஜிச் 2016இலும், தளபதி ம்லாடிச் 2017இலும் தண்டிக்கப்பட்டார்கள். அவர்களுக்கும் மேலே இருந்தவரின் பங்கு என்ன என்ற கேள்விக்கு அந்த நீதிமன்றத்தின் விடை கிடைக்காமலே போனது.

கைதியின் உடம்பைப் பேணுவது அவருக்குக் காட்டும் சலுகை என்று பலர் நினைக்கிறார்கள். எனக்கு அப்படித் தோன்றவில்லை. நியாயம் கேட்டு வந்தவர்களுக்குக் காவல் வைத்தவர்கள் செலுத்த வேண்டிய கடன் அது. குற்றம் எவ்வளவு பெரிதோ, அந்தக் கடனும் அவ்வளவு பெரிது.