எட்டு நிமிடம் நாற்பத்தாறு விநாடி

1786-ஆம் ஆண்டு. கிழக்கிந்தியக் கம்பெனியில் அதிகாரியாக இருந்த வில்லியம் பெட்ரிக்கு வானத்தின் மேல் தீராத மோகம். எழும்பூர் வீட்டிலேயே, கைக்காசைப் போட்டு ஒரு வானாய்வுக்கூடம் அமைத்துக்கொண்டார். சில ஆண்டுகளில் அவர் கப்பலேற வேண்டியிருந்தது. கருவிகளைக் கம்பெனியிடம் ஒப்படைத்தார். கம்பெனிக்கு நட்சத்திரங்கள் மீது பாசமெல்லாம் கிடையாது. சோழமண்டலக் கரையில் கப்பல்கள் வழிதவறாமல் வரவேண்டும், அவ்வளவுதான். 1792-இல் நுங்கம்பாக்கத்தில் மைக்கேல் டாப்பிங் வடிவமைத்த கட்டடம் எழுந்தது. தொலைநோக்கி அசையாமல் நிற்க 15 அடிக் கருங்கல் தூண் ஒன்றை நட்டார்கள். தமிழ் உட்படப் பல மொழிகளில் கல்வெட்டும் பொறித்தார்கள். ஆனால் அந்தக் கூடம் எதற்குப் பேர்போகும் என்பது அப்போது யாருக்கும் தெரியாது.

வேலை பொறுமையைச் சோதிப்பது. வியாழனின் நிலவுகள் அதன் நிழலுக்குள் மறையும் கணத்துக்காகக் காத்திருக்க வேண்டும். அந்தக் கணம் உலகெங்கும் ஒன்றுதான். உள்ளூர்க் கடிகாரமும் கிரீன்விச் கடிகாரமும் அப்போது என்ன காட்டுகின்றன என்று ஒப்பிட்டால் தீர்க்கரேகை கிடைத்துவிடும். 1802-இல் கூடத்தின் வானியலாளர் ஜான் கோல்டிங்ஹாம் கணக்கை முடித்தார். மதராஸ் கிரீன்விச்சைவிட 5 மணி 21 நிமிடம் 14 விநாடி முன்னால் இருந்தது. மாலுமிகளுக்காகக் கண்டுபிடித்த எண் அது. பல பத்தாண்டுகள் கழித்து அது தண்டவாளத்தில் ஏறியது.

ரயில் வரும்வரை ஊருக்கொரு நண்பகல் இருந்தது, யாருக்கும் குறையில்லை. கால அட்டவணை அச்சிட வேண்டி வந்ததும்தான் குழப்பம். பம்பாய் மதராஸைவிட அரை மணி பின்னால், கல்கத்தா அரை மணி முன்னால். இரண்டில் எதை எடுத்தாலும் மற்றது முறைக்கும். நடுவில் இருந்த மதராஸ் நேரம் நாட்டின் ரயில் நேரமாயிற்று. திறமைக்குக் கிடைத்த பரிசு என்பதைவிட, இருந்த இடத்துக்குக் கிடைத்த அதிர்ஷ்டம் என்பதே சரி. 1881-இல் பம்பாய் கவர்னர் ஃபெர்குசன் அந்நேரத்தை ஊர் முழுவதற்கும் புகுத்தப் பார்த்தார். நகரம் கொதித்தது. பல்கலைக்கழக மணிக்கூண்டு மதராஸ் நேரம் காட்டாவிட்டால் விளக்குச் செலவு தரமாட்டோம் என்று அரசு மிரட்டியது, பல்கலைக்கழகம் மசியவில்லை. கடைசியில் பின்வாங்கியது அரசுதான். ரயிலில் மட்டும் மதராஸ் தொடர்ந்து ஆண்டது, 1905 வரை.

அந்த ஆண்டு, உலகம் கிரீன்விச்சிலிருந்து முழு மணி, அரை மணிக் கணக்காக நேரத்தைப் பிரிப்பதைப் பார்த்து, அரசு 82½ பாகைத் தீர்க்கரேகையைத் தேர்ந்தது. மிர்சாப்பூர் அருகே செல்லும் கோடு அது. மதராஸ் தோற்றது, அதுவும் வெறும் 8 நிமிடம் 46 விநாடியில்! ரயில்கள் ஜூலையில் மாறின. 1906 ஜனவரி 1 முதல் மற்றவையும். பம்பாயில் ஆலைத் தொழிலாளர்கள் வேலைநிறுத்தம் செய்தார்கள். கல்கத்தா 1948 வரையும் பம்பாய் 1955 வரையும் பிடிவாதமாகப் பழைய நேரத்தை வைத்துக்கொண்டன. புதிய நேரத்துக்கு வந்த உண்மையான சோதனை வேறு.

அதன் விதையும் 1905-இல்தான் விழுந்தது. லண்டனில் வில்லியம் வில்லெட் என்ற கட்டட ஒப்பந்தக்காரர் கோடை விடியலில் குதிரைச் சவாரி போனார். சூரியன் ஏறியும் வீடுகளில் ஜன்னல் திரைகள் விலகவில்லை. கோடையில் கடிகாரத்தை முன்னே தள்ளிவிட்டால் என்ன? 1907-இல் துண்டுப் பிரசுரம் போட்டார், ஊர் சிரித்தது. 1915-இல் இறந்துபோனார். மறு ஆண்டே, போரில் நிலக்கரி மிச்சம் பிடிக்க, முதலில் ஜெர்மனியும் பிறகு பிரிட்டனும் அதைச் செய்தன. அடுத்த போரில் அந்தத் திட்டம் இங்கேயும் வந்திறங்கியது.

1942 செப்டம்பர் 1 முதல் இந்தியக் கடிகாரங்கள் ஒரு மணி முன்னே ஓடின. சென்னையில் உச்சிவெயில் சராசரியாக மதியம் ஒன்று பத்து வாக்கில் வந்தது. லண்டனில் கோடைப் பகலும் குளிர்காலப் பகலும் ஏறக்குறைய ஒன்பது மணி நேரம் வேறுபடும். இங்கே ஒன்றரை மணிதான். இவ்வளவு சமமாகப் பகல் கிடைக்கும் ஊருக்கு அந்தச் சட்டை பொருந்தவே இல்லை. 1945 அக்டோபர் 15-ஆம் தேதியோடு கழற்றிவிட்டார்கள். மிஞ்சியது கிரீன்விச்சுக்கு ஐந்தரை மணி முன்னே செல்லும் அந்த 1906 நேரம். குரோம்பேட்டை ரயில் நிலையத்தில் தாம்பரம் வண்டிக்குக் காத்திருப்பவர்கள் நிமிர்ந்து பார்க்கும் கடிகாரத்தில் ஓடுவது அதுதான்: இந்திய சீர்நேரம்.

ஜூன் 21 அன்று அந்தக் கடிகாரப்படி குரோம்பேட்டையில் சூரியன் 5.43 வாக்கில் எழுந்து மாலை 6.37 வாக்கில் மறையும். ஆண்டின் மிக நீளமான பகல். தினசரி நாட்காட்டித் தாளில் ஞாயிறு ராகு காலம் எப்போதும் 4.30 முதல் 6 வரைதான். அன்று ஞாயிறாக அமைந்து, பகலை உண்மையாகவே எட்டாக வகுத்தால், அது 5 மணிக்குத் தொடங்கி அஸ்தமனம் வரை நீளும்! வேடிக்கை இன்னொன்றும் உண்டு. அன்று உச்சிச் சூரியன் நம் தலைக்கு வடக்கே போய்விடுவதால், நடைமேடைக் கம்பத்தின் மதிய நிழல் தெற்கே, தாம்பரம் பக்கமாக விழும். அது மிகக் குறுகும் நேரம் 12 அல்ல, சுமார் 12.11. அதில் இரண்டு நிமிடம் பூமியின் ஓட்டம் செய்யும் சில்மிஷம். மீதி ஒன்பது நிமிடம், மிர்சாப்பூரிடம் மதராஸ் இழந்தது.