மண்டி முதல் அடுப்பு வரை: மாதச் சாமான் கெடாமல், சத்துக் குறையாமல் சமைக்க

மாதம் பிறந்ததும் செவ்வாய்ப்பேட்டைக்குப் போய் அரிசி, பருப்பு, வெல்லம், எண்ணெய் எல்லாம் மொத்தமாக வாங்கி வருவது சேலத்துக் குடும்பங்கள் பலவற்றின் பழக்கம். லீ பஜாரிலும் வெல்ல மண்டியிலும் சில்லறைக் கடையைவிட விலை குறையும். ஆனால் வாங்கிய துவரம்பருப்பு இருபதாம் நாள் வண்டு பிடித்துக் குப்பைக்குப் போனால் மிச்சம் பிடித்த காசு எங்கே? கெட்டதைத் தெரியாமல் சமைத்துப் பிள்ளைகளுக்கு வயிற்றுப்போக்கு வந்தால் மருத்துவச் செலவு வேறு.

இன்னொரு பக்கத்தையும் பார்க்க வேண்டும். 2019-21 தேசிய குடும்பநல ஆய்வின்படி தமிழ்நாட்டில் 15 முதல் 49 வயது வரையுள்ள பெண்களில் பாதிக்கும் மேற்பட்டோருக்கு இரத்தசோகை இருக்கிறது. வயிறு நிறையச் சாப்பிடும் வீட்டிலும் இது உண்டு. எனவே வாங்குவது, பாதுகாப்பது, சமைப்பது, மிச்சத்தை வைப்பது ஆகிய நான்கையும் வரிசையாகப் பார்ப்போம்.

வாங்கும்போது

வெல்லம் வெளிர் மஞ்சளாகப் பளபளவென்று இருந்தால் நல்லது என்று நினைக்கிறோம். உண்மை நேர்மாறு. கரும்புச்சாற்றைக் காய்ச்சினால் இயல்பாக வருவது பழுப்பு நிறம். நிறத்தை வெளுக்க 'ஹைட்ரோஸ்' என்ற இரசாயனத்தைச் சேர்ப்பவர்கள் உண்டு. வாங்குபவர்கள் வெள்ளை நிறத்தைக் கேட்பதை நிறுத்தினால் அதைச் சேர்க்க வேண்டிய தேவையும் குறையும். கருத்த வெல்லத்தையே கேட்டு வாங்குவோம்.

மஞ்சள் தூளைச் சோதிக்க ஒரு எளிய வழி: ஒரு டம்ளர் தண்ணீரில் ஒரு தேக்கரண்டி தூளைப் போட்டு அசைக்காமல் வையுங்கள். நல்ல தூள் அடியில் படிந்து தண்ணீர் இளமஞ்சளாக இருக்கும். தண்ணீர் முழுவதும் அடர் மஞ்சளானால் சாயம் சேர்ந்திருக்கலாம். விரலி மஞ்சளாக வாங்கி அரைத்துக்கொள்வது இன்னும் நல்லது.

நிலக்கடலையில் பூஞ்சை பிடித்தது, சுருங்கியது, நிறம் மாறியது இருந்தால் பொறுக்கி எறிந்துவிட வேண்டும். அதில் அஃப்ளடாக்சின் என்ற நச்சு இருக்கக்கூடும், ஈரலைப் பாதிக்கும். வறுத்தாலும் வேகவைத்தாலும் அது முழுதாகப் போகாது.

வண்டு வராமல் வைக்க

வண்டு வெளியிலிருந்து பறந்து வருவதில்லை என்பதே பெரும்பாலும் உண்மை. முட்டைகள் வயலிலோ கிடங்கிலோ தானியத்தோடு ஒட்டியே நம் வீட்டுக்கு வருகின்றன. ஈரமும் சூடும் கிடைத்ததும் பொரிக்கின்றன. ஆகவே வாங்கி வந்த அன்றே கவனித்தால் பாதி வேலை முடிந்தது.

பருப்பு, பயறு வகைகளைத் துணியில் மெல்லிதாகப் பரப்பி நல்ல வெயிலில் காயவைத்து, நன்றாக ஆறிய பிறகு டப்பாவில் போட வேண்டும். சூட்டோடு மூடினால் மூடியில் வியர்த்து அந்த ஈரமே பூஞ்சைக்கு வழி செய்யும். ஃப்ரீசரில் இடம் இருந்தால் ரவை, மைதா, கடலைமாவு போன்றவற்றைக் காற்றுப்புகாத பையில் நான்கு நாள் வைத்து எடுத்தால் முட்டை, புழு இரண்டும் சாகும்.

துவரம்பருப்பில் சிறிது விளக்கெண்ணெய் தடவி வைப்பது நம் பாட்டிமார் செய்தது. சமைக்கும்முன் கழுவினால் போதும். அரிசியில் காய்ந்த வேப்பிலையோ காய்ந்த மிளகாயோ போடுவதும் ஓரளவு உதவும். ஆனால் பழைய அரிசி மிச்சம் இருக்கும் டின்னில் புதியதைக் கொட்டுவது எல்லாவற்றையும் கெடுத்துவிடும். முதலில் காலி செய்து, கழுவி, வெயிலில் காயவைத்துப் பிறகு நிரப்புங்கள்.

இங்கே ஒன்றை அழுத்திச் சொல்கிறோம். கிடங்குகளில் தானியத்துக்கு வைக்கும் புகை மாத்திரையை யார் கொடுத்தாலும் வீட்டுக்குள் கொண்டுவரக் கூடாது. அலுமினியம் பாஸ்பைடு கலந்த அந்த மாத்திரை ஈரக்காற்றில் பாஸ்பீன் என்ற விஷ வாயுவை வெளிவிடும். மூடிய அறையில் தூங்குபவர்களின் உயிரையே பறிக்கும். அதற்கு மாற்று மருந்தும் கிடையாது. போரிக் பவுடரை அரிசியில் கலப்பதும் வேண்டாம்.

கேழ்வரகு, கோதுமை, கம்பு மாவைப் பதினைந்து நாளுக்குத் தேவையான அளவு மட்டும் அரைத்துக்கொள்ளுங்கள். முழுத் தானியத்தில் உள்ள எண்ணெய் மாவாகியதும் சிக்கு வாடை அடிக்கத் தொடங்கும். எண்ணெயை அடுப்பருகிலும் வெளிச்சத்திலும் வைக்காதீர்கள். அயோடின் உப்பை இறுக மூடி வைத்து, சமையலின் கடைசியில் சேர்ப்பது நல்லது.

வெங்காயமும் உருளைக்கிழங்கும் ஒரே கூடையில் இருந்தால் இரண்டும் சீக்கிரம் கெடும். உருளையில் பச்சை நிறம் ஏறிய பகுதி கசக்கும், நச்சுமாகும். ஆழமாக வெட்டி எறியுங்கள். கீரையைக் கழுவாமல் வேரை மட்டும் நறுக்கித் துணியில் சுற்றி ஃபிரிட்ஜில் வைத்தால் இரண்டு மூன்று நாள் தாங்கும்.

நாமக்கல் முட்டை

பக்கத்திலேயே நாமக்கல் இருப்பதால் நமக்கு முட்டை எளிதில் கிடைக்கிறது. ஒரு முட்டையில் சுமார் 6 கிராம் புரதம் உண்டு. வாங்கியதும் கழுவி வைக்காதீர்கள். ஓட்டின் மேலுள்ள இயற்கைப் பூச்சு போய்விட்டால் கிருமி உள்ளே புகும். பயன்படுத்துவதற்குச் சற்று முன் கழுவினால் போதும். ஃபிரிட்ஜ் கதவில் வைத்தால் திறக்கும்போதெல்லாம் சூடு ஏறி இறங்கும். உள் தட்டில் வைப்பதே சரி. தண்ணீரில் போட்டால் மூழ்கிப் படுப்பது புதியது, மிதப்பது பழையது. கைக்குழந்தைகளுக்கும் கர்ப்பிணிகளுக்கும் வயதானவர்களுக்கும் அரைவேக்காடு தரவேண்டாம்.

சத்து கிடைக்கும்படி சமைக்க

அரிசியில் குறைவாக உள்ள புரதக்கூறு பருப்பில் இருக்கிறது; பருப்பில் குறைவானது அரிசியில் இருக்கிறது. மூன்று பங்கு அரிசிக்கு ஒரு பங்கு பருப்பு என்ற அளவில் சேர்த்தால் உடலுக்கு நல்ல புரதம் கிடைக்கும். பொங்கல், இட்லி, அடை எல்லாம் இந்தக் கணக்குதான். நொய்யரிசி, பாசிப்பருப்பு, வெந்தயம், சிறிது கொத்துக்கறி போட்டுக் காய்ச்சும் நோன்புக் கஞ்சியும் அப்படியே. அதை ரமலானுக்கு மட்டும் ஒதுக்க வேண்டியதில்லை. காய்ச்சலில் இருந்து எழுந்தவர்களுக்கும் சாப்பிட மறுக்கும் பிள்ளைகளுக்கும் ஏற்றது.

சேலத்து ஜவ்வரிசிக்கு 2023-ல் புவிசார் குறியீடு கிடைத்தது; நமக்கெல்லாம் பெருமை. ஆனால் மரவள்ளிக்கிழங்கின் மாவுச்சத்தே ஜவ்வரிசி; அதில் புரதம் மிகக் குறைவு. குழந்தைக்கு ஜவ்வரிசிக் கஞ்சி மட்டுமே கொடுத்தால் வயிறு நிறையும், வளர்ச்சி நிறையாது. பால், பாசிப்பருப்பு, பொடித்த நிலக்கடலை ஆகியவற்றில் ஒன்றையாவது சேர்த்துக் கொடுங்கள்.

100 கிராம் கேழ்வரகில் சுமார் 350 மில்லிகிராம் கால்சியம் உண்டு. முளைகட்டி அரைத்தால் சத்து உடலில் சேர்வது கூடும். கீரை, பருப்பு சாப்பிடும்போது எலுமிச்சை பிழிந்தாலோ நெல்லிக்காய், கொய்யா சேர்த்துக்கொண்டாலோ இரும்புச்சத்து நன்றாக உறிஞ்சப்படும். சாப்பிட்டவுடன் தேநீர் குடித்தால் அதுவே குறைந்துவிடும். ஒரு மணி நேரமாவது இடைவெளி விடுங்கள். இரத்தசோகை உள்ள பெண்கள் இந்த இரண்டையும் மாற்றுவதற்குத் தனிச் செலவு எதுவும் இல்லை. மருத்துவர் கொடுத்த மாத்திரையை மட்டும் நிறுத்திவிடக் கூடாது.

காய்கறியைக் கழுவிய பிறகே நறுக்குங்கள். நறுக்கியபின் ஊறவைத்தால் சத்து தண்ணீரோடு போகும். ஒரே எண்ணெயில் திரும்பத் திரும்பப் பொரிக்காதீர்கள். நிறம் கறுத்து, நுரைத்து, பிசுபிசுத்தால் அது தகுதி இழந்துவிட்டது.

மிச்ச உணவும் இறைச்சியும்

5 முதல் 60 டிகிரி வரையுள்ள வெப்பத்தில் கிருமிகள் வேகமாகப் பெருகும். நம் ஊர்க் கோடையில் சமையலறையே 35 டிகிரியைத் தாண்டும். எனவே சமைத்த உணவை இரண்டு மணி நேரத்துக்குள் சிறு பாத்திரங்களில் பிரித்து ஃபிரிட்ஜில் வையுங்கள். பெரிய அண்டாவோடு வைத்தால் நடுப்பகுதி குளிர நேரமாகும்.

வெளியிலேயே கிடந்த சோற்றில் பெருகும் ஒருவகைக் கிருமியின் நச்சு, மறுபடி சூடாக்கினாலும் அழியாது. 'கொதிக்கவைத்துவிட்டேனே' என்பது இங்கே உதவாது. தேங்காய்ப்பால் சேர்த்த கஞ்சியும் அப்படித்தான். மாலையில் வாங்கியதை வெளியில் வைத்து ஸஹருக்குக் குடிப்பது ஆபத்து. ஃபிரிட்ஜில் வைத்து நன்றாகக் கொதிக்கவைத்து ஒரே ஒரு முறை பயன்படுத்துங்கள். பழைய சோறு வேண்டுமானால் ஆறியதும் சுத்தமான பாத்திரத்தில் நல்ல தண்ணீர் ஊற்றி மூடி வைத்து, காலையிலேயே சாப்பிட்டு முடியுங்கள். நூல் நூலாக வந்தாலோ கெட்ட வாடை அடித்தாலோ கொட்டிவிடுங்கள்.

குர்பானி இறைச்சி வரும் நாளில் மொத்தத்தையும் ஒரே பையில் திணிக்க வேண்டாம். ஒரு வேளைச் சமையலுக்கு ஆகும் அளவில் தட்டையான பொட்டலங்களாகக் கட்டித் தேதி எழுதி ஃப்ரீசரில் அடுக்குங்கள். சமைப்பதற்கு முந்தைய இரவே ஃபிரிட்ஜின் கீழ்த்தட்டுக்கு மாற்றி உருகவிடுங்கள். ஒருமுறை உருகிய பச்சை இறைச்சியைச் சமைக்காமல் மீண்டும் உறையவைக்காதீர்கள். இறைச்சி நறுக்கிய பலகையையும் கத்தியையும் சோப்புப் போட்டுக் கழுவாமல் வெங்காயம் நறுக்கக் கூடாது. உப்புக்கண்டம் போடுவோர் மெல்லிய கீற்றுகளாக அரிந்து, உப்பும் மஞ்சளும் தாராளமாகத் தடவி, முறுகக் காயும்வரை வெயிலில் உலர்த்த வேண்டும். மேகமூட்டமான நாளில் தொடங்காதீர்கள்.

மின்சாரம் போனால் ஃபிரிட்ஜைத் திறக்காமல் இருந்தால் நான்கு மணி நேரம் குளிர் நிற்கும். நிறைந்த ஃப்ரீசர் ஏறக்குறைய இரண்டு நாள் தாங்கும்.

இவற்றுக்குப் புதிய சாமான் எதுவும் வாங்கவேண்டியதில்லை. அடுத்த மாதம் மண்டிக்குப் போகுமுன் டின்களைக் கழுவிக் காயவைப்பதிலிருந்து தொடங்குவோம். நம் வீட்டுக்கு வந்த ஒரு பிடி பருப்பும் வீணாகாமல், நம் பிள்ளைகளின் உடம்பில் சேரட்டும்.