சொல்லுக்குப் பொருள் கூறும் சட்டம்

ஏறக்குறைய ஒவ்வொரு சட்டத்திலும் 'வரையறைகள்' என்றொரு பிரிவு இருக்கும். வாசிப்போர் பெரும்பாலும் கடந்து சென்றுவிடும் பகுதி அது. ஆனால், ஒரு சட்டம் யாருக்குப் பொருந்தும், யாருக்குப் பொருந்தாது என்பதைத் தீர்மானிப்பது அந்தப் பிரிவே. அமெரிக்க மாநிலங்கள் சில 'ஆண்', 'பெண்', 'பால்' ஆகிய சொற்களுக்குப் பொருள் வரையறுத்துச் சட்டம் இயற்றி வருவதை இந்தப் பின்னணியில்தான் பார்க்க வேண்டும்.

முதலில் ஒரு தெளிவு தேவை. பிறப்பின்போது உடற்கூற்றின் அடிப்படையில் பதிவு செய்யப்படுவது 'பால்'. ஒருவர் தம்மை எவ்வாறு உணர்கிறார், சமூகத்தில் எவ்வாறு வாழ்கிறார் என்பதைக் குறிப்பது 'பாலின அடையாளம்'. தமிழில் இரண்டையும் 'பாலினம்' என்றே பொதுவாக எழுதிவிடுகிறோம். இந்தச் சட்டங்களின் மையச் சிக்கலே இவ்விரண்டுக்கும் இடையிலான வேறுபாடுதான்.

கன்சாஸ் மாநிலச் சட்டமன்றம், 2023 ஏப்ரலில் ஆளுநர் லாரா கெல்லியின் மறுப்பாணையை மீறி இத்தகைய சட்டமொன்றை நிறைவேற்றியது. கருமுட்டையை உருவாக்கும் வகையில் அமைந்த இனப்பெருக்க மண்டலம் உடையவர் பெண். அதைக் கருவுறச் செய்யும் வகையில் அமைந்த மண்டலம் உடையவர் ஆண் என்கிறது அச்சட்டம். அதே ஆண்டில் மொன்டானாவும், 2025-இல் டெக்சாஸும் இவ்வழியில் சென்றன. 2025 ஜனவரி 20 அன்று அதிபர் டிரம்ப் பிறப்பித்த நிர்வாக ஆணை, கூட்டாட்சி அரசின் துறைகளுக்கும் இத்தகைய வரையறையை விதித்தது.

இச்சட்டங்களை ஆதரிப்போரின் வாதத்தைப் புறந்தள்ள இயலாது. பெண்களுக்கான சிறை, காப்பகம், விளையாட்டுப் போட்டி ஆகியவற்றில் பெண் என்பவர் யார் என்பது தெளிவாக இருக்க வேண்டும் என்கின்றனர் அவர்கள். திருநங்கையர், திருநம்பியரின் கவலையும் உண்மையானது. தோற்றம் ஒன்றாகவும் ஆவணம் வேறாகவும் இருந்தால், வங்கியிலும் விமான நிலையத்திலும் ஒவ்வொரு முறையும் விளக்கம் சொல்ல நேரிடும். சில இடங்களில் அது ஆபத்தாகவும் முடியும்.

வரையறையை எழுதிவிட்டால் சிக்கல் தீர்ந்துவிடுமா? மொன்டானா சட்டத்தை 2024 ஜூனில் ஒரு மாவட்ட நீதிமன்றம் செல்லாது என்றது. மசோதாவின் தலைப்பிலிருந்த 'செக்ஸ்' என்ற சொல் பாலைக் குறிக்கிறதா, உடலுறவைக் குறிக்கிறதா என்பதே தெளிவாக இல்லை என்பது அதற்குக் கூறப்பட்ட காரணங்களுள் ஒன்று. சொல்லுக்குப் பொருள் கூற வந்த சட்டம் சொல்லின் தெளிவின்மையாலேயே வீழ்ந்தது.

கன்சாஸில் வழக்கு ஓட்டுநர் உரிமத்தை நோக்கித் திரும்பியது. உரிமத்தில் பால் குறியீட்டை மாற்றக் கூடாது என்று மாநில அரசின் தலைமை வழக்குரைஞர் வழக்குத் தொடுத்தார். கீழமை நீதிமன்றம் விதித்த தடையை 2025 ஜூனில் மேல்முறையீட்டு நீதிமன்றம் விலக்கியது. மாற்றத்தால் ஈடுசெய்ய இயலாத தீங்கு நேரும் என்பதற்குப் போதிய சான்று இல்லை என்று அது கருதியது. எனினும், சர்ச்சை அத்துடன் ஓயவில்லை.

இரண்டு தீர்ப்புகளை ஒப்பிட்டுப் பார்ப்பது பயனுள்ளது. 2020-இல் அமெரிக்க உச்சநீதிமன்றம், 'பால்' என்பது உயிரியல் வேறுபாட்டையே குறிக்கிறது என்று வைத்துக்கொண்டே, திருநர் என்பதற்காக ஒருவரைப் பணிநீக்கம் செய்வது பால் அடிப்படையிலான பாகுபாடு என்று தீர்ப்பளித்தது. பிரிட்டன் உச்சநீதிமன்றம் 2025 ஏப்ரல் 16 அன்று, 2010-ஆம் ஆண்டின் சமத்துவச் சட்டத்தில் 'பெண்' என்பது உயிரியல் பாலையே குறிக்கும் என்றது. ஆனால், அச்சொல்லுக்குப் பொதுப் பொருள் கூறுவது தன் வேலையன்று, அந்தச் சட்டத்தில் அதன் பொருள் என்ன என்பதே கேள்வி என்றும் தெளிவுபடுத்தியது. திருநருக்கு அச்சட்டம் தரும் தனிப் பாதுகாப்பு தொடர்கிறது என்றும் கூறியது.

பொருளியல் பயின்றவர்களுக்கு இது புதிதன்று. 'வேலையற்றவர்', 'குடும்பம்', 'ஏழை' ஆகிய சொற்களுக்கு ஒரே வரையறை எல்லாக் கணக்கெடுப்புகளுக்கும் பொருந்துவதில்லை. எதற்காக எண்ணுகிறோம் என்பதே யாரை எண்ணுவது என்பதை முடிவு செய்கிறது. பேறுகால இறப்பைக் கணக்கிட உடற்கூறு முக்கியம். வேலையில் பாகுபாட்டை அளக்க ஒருவர் எவ்வாறு வாழ்கிறார் என்பதும் முக்கியம். 2021-இல் இங்கிலாந்து, வேல்ஸ் மக்கள்தொகைக் கணக்கெடுப்பு இரண்டையும் தனித்தனிக் கேள்விகளாகக் கேட்டது. பாலின அடையாளம் குறித்த கேள்வியைச் சிலர் தவறாகப் புரிந்துகொண்டிருக்கலாம் என்ற ஐயம் பின்னர் எழுந்தது. ஆயினும், இரண்டையும் பிரித்துக் கேட்ட நெறி சரியானதே.

எனவே, ஒரு சொல்லுக்கு எல்லா ஆவணங்களிலும் ஒரே பொருளைத் திணிப்பதைவிட, ஒவ்வோர் ஆவணமும் எதற்காக அத்தகவலைக் கேட்கிறது என்று ஆராய்வதே முறை. சிறையில் இடம் ஒதுக்குவதற்கான விதியும் ஓட்டுநர் உரிமத்துக்கான விதியும் ஒன்றாக இருக்க வேண்டிய கட்டாயமில்லை. தேவையற்ற இடங்களில் அக்கேள்வியையே நீக்கிவிடலாம். தேவையான இடங்களில் காரணத்தைச் சொல்லிக் கேட்கலாம். தெளிவு என்பது சட்டத்துக்கு அழகுதான். அந்தத் தெளிவுக்கான விலையை மிகச் சிறிய எண்ணிக்கையினரான மக்கள் மட்டுமே சுமக்க நேருமானால், அது நீதியாகாது.