காற்றுமெத்தை ஊர்தி

காற்றுமெத்தை ஊர்தி (ஹோவர்கிராஃப்ட்) என்பது தனக்கு அடியில் அழுத்தப்பட்ட காற்றாலான மெத்தை ஒன்றை உருவாக்கி, அதன்மீது மிதந்தவாறு நீர், சேறு, மணல், பனிக்கட்டி ஆகியவற்றின் மேல் செல்லும் ஊர்தி ஆகும். விசிறி உட்செலுத்தும் காற்றை, விளிம்பில் தொங்கும் "பாவாடை" எனப்படும் நெகிழ்வான இரப்பர் துணி தடுத்து வைக்கின்றது. பிரித்தானியப் பொறியியலாளர் கிறிஸ்டோபர் காக்கரெலின் கருத்தின்படி கட்டப்பட்ட எஸ்.ஆர்.என்.1, 1959 சூலை 25 அன்று கலேயிலிருந்து டோவர் வரை ஆங்கிலக் கால்வாயைக் கடந்தது.

வணிகப் பயன்பாடு

1968 முதல் எஸ்.ஆர்.என்.4 வகை ஊர்திகள் பயணிகளையும் தானுந்துகளையும் ஏற்றிக்கொண்டு இதே கால்வாயை ஏறத்தாழ 35 நிமிடங்களில் கடந்தன. எரிபொருட் செலவு மிகுதி. 1994 இல் கால்வாய்ச் சுரங்கப்பாதையும் திறக்கப்பட்டது. 2000 அக்டோபர் 1 அன்று இச்சேவை நிறுத்தப்பட்டது. ஆயினும் இங்கிலாந்தின் சவுத்சீக்கும் வைட்டுத் தீவிலுள்ள ரைட் நகருக்கும் இடையே 1965 இல் தொடங்கிய பத்து நிமிடச் சேவை இன்றும் நடைபெறுகின்றது. ரைடில் வற்றுப்பெருக்கின்போது கடல் வெகுதூரம் உள்வாங்கிவிடும்; கப்பல்களுக்காக அங்கே மிக நீண்ட படகுத்துறை கட்டவேண்டியிருந்தது. காற்றுமெத்தை ஊர்தியோ நேராகக் கரையிலேயே ஏறிவிடுகின்றது.

சுற்றுச்சூழல், மீட்புப் பயன்பாடு

ஊர்தியின் எடை பரந்த பரப்பில் பகிரப்படுவதால் தரையின் மீதான அழுத்தம் மிகக் குறைவு. எனவே சக்கரமும் படகும் செல்லவியலாத சேற்று நிலங்களில் இது பயன்படுகின்றது. எனினும் இதன் இரைச்சல் பறவைகளைக் கலைக்கக்கூடியது என்பதையும் கருதவேண்டும். இங்கிலாந்தின் மோர்க்கம் விரிகுடாவின் புதைசேற்றில் மீட்புப் பணிக்கு இவ்வூர்தி நிறுத்தப்பட்டுள்ளது. இந்தியக் கடலோரக் காவல்படை, ஆழம் குறைந்த பாக்கு நீரிணைப் பகுதியில் மண்டபத்திலிருந்து இவற்றை இயக்குகின்றது.

கனடாவில் செயின்ட் லாரன்சு ஆற்றுப் பகுதியில் வெள்ளத்தைத் தவிர்க்கப் பனிக்கட்டி உடைக்கவும் இவை பயன்படுகின்றன. மெத்தைக் காற்று பனித்தகட்டின் அடியில் புகுந்து அங்குள்ள நீரை விலக்கும். தாங்குதலை இழந்த தகடு தன் எடையாலேயே முறியும்.

ஓட்டுநர் பயிற்சி

பிரித்தானியாவில் 1968 இல் இவ்வூர்திக்கெனத் தனிச் சட்டமே இயற்றப்பட்டது. இதனைக் கப்பல் என்பதா வானூர்தி என்பதா என்ற குழப்பம் ஓட்டுநரின் கையிலும் உண்டு. உராய்வின்மையே இதன் சிறப்பு. அதுவே இதனை ஓட்டுவதைக் கடினமாக்குகின்றது. சுக்கானைத் திருப்பினால் ஊர்தியின் மூக்கு திரும்புமே தவிர, ஊர்தி பழைய திசையிலேயே வழுக்கிச் செல்லும். மேலும், சுக்கான் உந்துவிசிறியின் காற்றோட்டத்தில் அமைந்திருப்பதால், வேகத்தைக் குறைக்க உந்துவிசையைத் தணிக்கும்போது திருப்பும் ஆற்றலும் குன்றிவிடும். எனவே திருப்பத்தையும் நிறுத்தத்தையும் வெகு முன்னதாகவே தொடங்கப் பழகவேண்டும்.

முன்புறப் பாவாடை நீரில் சிக்கினால் மூக்கு தாழ்ந்து ஊர்தி திடீரென வேகமிழக்கும். அந்நிலையில் பக்கவாட்டில் வழுக்கிக்கொண்டிருந்தால் கவிழவும் கூடும். சுமையைச் சமமாகப் பரப்புவதும் ஆகவே பாடத்தில் அடங்கும். காற்றைக் கணிப்பது அதனினும் இன்றியமையாதது. 1985 மார்ச்சு 30 அன்று டோவர் துறைமுகத்தில் நுழைந்த "பிரின்சஸ் மார்கரெட்" என்னும் எஸ்.ஆர்.என்.4 ஊர்தி, பலத்த காற்றால் அலைதடுப்புச் சுவரின்மீது தள்ளப்பட்டுப் பக்கவாட்டில் கிழிந்தது, நால்வர் உயிரிழந்தனர்.