கூஜா, ஹோல்டால், குழந்தைகள்: ஒரு கோடை விடுமுறைப் பயண வரலாறு

முழுப் பரீட்சை முடிந்ததும் குடும்பத்தோடு ஊருக்குக் கிளம்புவது நம் பக்கத்துப் பழக்கம். இன்று நான்கு பேருக்கு இரண்டு சக்கரப் பெட்டி போதும். ஆனால் 1960களில் இதே பயணத்துக்கு ஒரு வீட்டையே பெயர்த்து எடுத்துப் போனார்கள்! சிக்கனமாக மூட்டை கட்டத் தெரியாததால் அல்ல. ரயிலில் எதெல்லாம் கிடைக்காதோ அதெல்லாம் மூட்டையில் ஏறியது.

தென்னிந்தியாவின் முதல் பயணிகள் ரயில் 1856 ஜூலை 1 அன்று ராயபுரத்திலிருந்து கிளம்பியது. அதற்கு 61 வருடங்களுக்குப் பிறகும் சாதாரண மக்களுக்கு வசதி வந்துவிடவில்லை. 1917-இல் காந்தி பம்பாயிலிருந்து சென்னைக்கு மூன்றாம் வகுப்பில் வந்தார். கட்டணம் 13 ரூபாய் 9 அணா. 22 பேர் உட்காரும் பெட்டி, படுக்க இடமே கிடையாது, வழியில் இரண்டு இரவுகள். கூட்டத்தையும் அழுக்கையும் பற்றி அவர் விரிவாக எழுதியிருக்கிறார். அப்படிப்பட்ட பெட்டியில் கைக்குழந்தையோடு வந்த பெண்களின் நிலையை யோசித்துப் பாருங்கள்.

படுக்கை

பிறகு படுக்கை வசதி வந்தது. ஆனால் இரண்டாம் வகுப்பில் வெறும் மரப்பலகைதான். அதனால்தான் ஹோல்டால்! தடித்த கான்வாஸ் துணிக்குள் மெத்தை, தலையணை, போர்வை எல்லாவற்றையும் வைத்துச் சுருட்டி வாரால் இறுக்கிக் கட்டுவார்கள். ஓரத்துப் பைகளில் குழந்தைகளின் துணி போகும். கைக்குழந்தைக்குத் தூளி கட்ட ஒரு பழைய புடவையும் தனியாக இருக்கும். 1977-இல் ரயில்வே அமைச்சரான மது தண்டவதே மரப்பலகைகளுக்குப் பஞ்சு மெத்தை போட வழி செய்தார். 1993-இல் மூன்றடுக்கு ஏ.சி. பெட்டி வந்தபின் நடுத்தரக் குடும்பங்களுக்கும் ரயிலிலேயே படுக்கை விரிப்பு கிடைத்தது. ஹோல்டால் பரணுக்குப் போனது.

தண்ணீரும் சாப்பாடும்

திருகு மூடி போட்ட கூஜாவில் காய்ச்சி ஆறிய தண்ணீர் குழந்தைகளுக்கென்று வரும். சாப்பாட்டில் பெரிய கணக்கே உண்டு. முதல் வேளைக்கு மிளகாய்ப்பொடி தடவிய இட்லி. மறுநாளைக்குப் புளியோதரை. தயிர் சாதத்தில் பாலை அதிகம் விட்டு, தயிரைக் கொஞ்சமாகச் சேர்த்துப் பிசைந்தால் சீக்கிரம் புளிக்காது. இந்தத் திட்டமெல்லாம் அம்மாக்களுடையது. விடுமுறை அவர்களுக்கு அடுப்படியிலிருந்து அல்ல! பாட்டில் தண்ணீர் பரவி, ரயில்வேயின் 'ரயில் நீர்' 2003-இல் வந்த பிறகு கூஜா மறைந்தது.

டிக்கெட்

மத்திய அரசு ஊழியர்களுக்கு 1956-இல் விடுப்புப் பயணச் சலுகை வந்தது. மாதச் சம்பளக் குடும்பங்கள் பல ஊருக்குப் போக அது கைகொடுத்தது. ஆனால் முன்பதிவுக்கு ஸ்டேஷனில் கால்கடுக்க நிற்க வேண்டும். திரும்பும் பயணத்துக்குத் தந்தி அடித்துக் காத்திருக்க வேண்டும். 1985-இல் டெல்லியில் கணினி முன்பதிவு சோதனையாகத் தொடங்கியது. 2002-இல் இணையத்திலேயே டிக்கெட் எடுக்க முடிந்தது. முன்பதிவுக் காலம் 2024 நவம்பரில் 120 நாளிலிருந்து 60 நாளாகக் குறைந்தது.

குழந்தைகள் விஷயத்தில் ஒரு முக்கிய மாற்றம் 2016 ஏப்ரலில் நடந்தது. அதுவரை 5 முதல் 12 வயதுக்கு உட்பட்ட பிள்ளைக்கு அரை டிக்கெட்டிலேயே தனிப் படுக்கை கிடைக்கும். அதன்பின் தனிப் படுக்கை வேண்டுமானால் முழுக் கட்டணம். அரைக் கட்டணம் கொடுத்தால் பெற்றோரின் படுக்கையிலேயே ஒண்டிக்கொள்ள வேண்டும். இரண்டு பிள்ளைகள் உள்ள வீட்டுக்கு இது சின்னச் செலவா?

ஆக, பெட்டியின் சுமை குறைந்தபோது அதில் ஒரு பங்கு பர்ஸுக்கு மாறியிருக்கிறது. பணம் கொடுக்க முடிந்தவர்கள் கைவீசிப் போகிறார்கள். முன்பதிவில்லாப் பெட்டியைப் பாருங்கள். தண்ணீர், சாப்பாடு, விரிக்க ஒரு துணி, தூளிக்கு ஒரு புடவை என்று எல்லாவற்றையும் சுமந்துகொண்டு இன்றும் ஒரு குடும்பம் ஏறிக்கொண்டிருக்கும். அவர்களுக்கு அந்தப் பழைய காலம் இன்னும் முடியவில்லை.