தனித்து நில்லாமை: கலப்புப் போரும் எஸ்தோனியாவின் அனுபவமும்

போர் என்றதும் படையெடுப்பும் களமும் வெற்றி தோல்வியுமே நம் நினைவுக்கு வருகின்றன. ஆயின், படைகள் களம் புகுமுன்னரே போர் தொடங்கிவிடுகின்றது என்பதைப் பழந்தமிழ்ப் புறத்திணை மரபு நன்கு உணர்ந்திருந்தது. பகைவரின் ஆநிரையைக் கவர்ந்துவரும் வெட்சியே அம்மரபிற் போரின் முதற்படி. அவ்வெட்சியைப் புறப்பொருள் வெண்பாமாலை மன்னுறு தொழில், தன்னுறு தொழில் என இரண்டாகப் பிரிக்கும். முன்னது மன்னன் ஏவலால் நிகழ்வது. பின்னது வீரர் தாமாகவே மேற்கொள்வது. நிரையை இழந்தவனுக்கோ இவ்விரண்டனுள் நிகழ்ந்தது எது என்று துணிதல் எளிதன்று. ஏவியவனும் தான் ஏதும் அறியேன் என்று கூறிவிடலாம்.

இன்று கலப்புப் போர் என வழங்கப்படுவதன் உயிர்நிலை இந்த ஐயமே. வதந்தி, பொருளாதார நெருக்குதல், தூண்டிவிடப்பட்ட கலகம், கணினி வலையமைப்புகள் மீதான தாக்குதல் ஆகியவற்றை ஒன்றோடொன்று பிணைத்து, படைவலியைப் பின்னணியில் நிறுத்தி, போர் என்று பெயரிட முடியாத ஒரு போரை நடத்துவதே அதன் இயல்பு. அத்தகைய போரை ஒரு சிறிய நாட்டின் அரசு இராஜதந்திரத்தாலும் நட்புநாடுகளின் ஒத்துழைப்பாலும் எவ்வளவு தூரம் எதிர்கொள்ள முடியும்? இவ்வினாவுக்கு விடைகாண, ஏறத்தாழ 13 இலட்சம் மக்களைக் கொண்டதும் ரஷ்யாவின் அயலில் அமைந்ததுமான எஸ்தோனியாவின் வரலாற்றை ஈண்டு நோக்குவோம்.

1918இல் சுதந்திரப் பிரகடனம் செய்து, 1920இன் தார்த்து உடன்படிக்கையாற் சோவியத் ரஷ்யாவின் அங்கீகாரத்தையும் பெற்ற எஸ்தோனியா, சில ஆண்டுகளுள்ளேயே முதற் சோதனையைச் சந்தித்தது. 1924 டிசெம்பர் 1ஆந் திகதி விடியற்காலையில், ஏறத்தாழ 300 கம்யூனிஸ்டுகள் தலைநகர் தாலினில் அரசாங்க நிலையங்களைக் கைப்பற்ற முனைந்தனர். ஆட்சியைப் பிடித்ததும் சோவியத் ஒன்றியத்தின் உதவியை வேண்டுவதே அவர்தம் திட்டம் என்பது வரலாற்றாசிரியர் பலரின் துணிபு. தொழிலாளர் கிளர்ந்தெழவில்லை, சில மணி நேரத்துள் முயற்சி முறியடிக்கப்பட்டது. இதன்பின் பாதுகாப்புக் கழகம் என்னும் தொண்டர் படையை மீளமைத்து அரசு உள்நாட்டுக் காவலைப் பலப்படுத்தியது. வெளித்துணையைப் பொறுத்தவரையோ, 1923இல் லத்வியாவோடு செய்துகொண்ட பாதுகாப்பு உடன்படிக்கை நடைமுறையில் வலுப்பெறவில்லை.

அதன் விளைவு 1939இற் புலனாயிற்று. வர்த்தக உடன்படிக்கையொன்றில் ஒப்பமிடுதற்காக அவ்வாண்டு செப்ரெம்பர் 24ஆந் திகதி மொஸ்கோ சென்ற வெளிநாட்டமைச்சர் கார்ல் செல்தெரின் முன்னால், படைத்தளம் கோரும் உடன்படிக்கையே வைக்கப்பட்டது. தாலின் துறைமுகத்திலிருந்து போலந்து நீர்மூழ்கிக் கப்பலொன்று தப்பிச்சென்றமை அதற்குச் சாட்டாகக் காட்டப்பட்டது. செப்ரெம்பர் 28இல் எஸ்தோனியாவும், ஒக்டோபர் 5இல் லத்வியாவும், ஒக்டோபர் 10இல் லித்துவேனியாவும் தனித்தனியே மொஸ்கோவில் ஒப்பமிட்டன. மூன்று அயலவரும் ஒரே மேசையில் ஒருங்கே அமரவில்லை. 25,000 சோவியத் படையினர் எஸ்தோனியாவில் தங்க இடம்பெற்றனர். 1940 யூன் மாதத்தில் இறுதி எச்சரிக்கையும் முழு ஆக்கிரமிப்பும் தொடர்ந்தன. யூன் 21இல் படையினரின் காவலுடன் மக்கள் ஊர்வலம். யூலையில் ஒரே அணியினர் மட்டும் போட்டியிட்ட தேர்தல். ஓகஸ்ட் 6இல் சோவியத் ஒன்றியத்தோடு இணைப்பு. ஒவ்வொரு படியும் சட்டத்தின் சாயலைத் தாங்கியே நின்றது. வெளியுலகிற்கு முறையிடக் கூடிய கணத்தில் எஸ்தோனிய அரசு மௌனமாக இருந்தது. அம்மௌனமே பிற்கால எஸ்தோனியரின் நெஞ்சில் ஆறாத வடுவாயிற்று.

எனினும் இராஜதந்திரம் அன்று முற்றாகத் தோற்றுவிட்டது என்று கூறுதல் பொருந்தாது. 1940 யூலை 23ஆந் திகதி ஐக்கிய அமெரிக்காவின் பதில் வெளிநாட்டுச் செயலாளர் சம்னர் வெல்ஸ் வெளியிட்ட அறிக்கை, பால்டிக் நாடுகளின் சுதந்திரம் பறிக்கப்படுவதைக் கண்டித்தது. அவ்விணைப்பை அங்கீகரியாக் கொள்கையை அமெரிக்கா அரை நூற்றாண்டு கைவிடவில்லை. நியூயோர்க்கில் எஸ்தோனியத் துணைத்தூதரகம் தொடர்ந்து இயங்கியது. நிலத்தைக் காக்க இயலாத அவ்வறிக்கை, 1991 ஓகஸ்ட் 20இல் எஸ்தோனியா தன் சுதந்திரத்தை மீட்டபோது, அது புதிய நாடன்று, இருந்த நாடே என்னும் சட்டநிலையைக் காத்துக் கொடுத்தது.

மீண்ட சுதந்திரத்தோடு மற்றொரு சிக்கலும் உடன்வந்தது. சோவியத் காலத்தில் வந்து குடியேறியோரும் அவர்தம் பிள்ளைகளுமான ரஷ்ய மொழியினர் பெருந்தொகையினர். 1938ஆம் ஆண்டின் குடியுரிமைச் சட்டம் 1992இல் மீள நடைமுறைக்கு வந்தபோது, நாட்டு மக்களில் ஏறத்தாழ மூன்றிலொரு பங்கினர் குடியுரிமை அற்றோராயினர். 1993 யூனில் நாடாளுமன்றம் நிறைவேற்றிய அந்நியர் சட்டம் அவர்களது அச்சத்தை மேலும் வளர்த்தது. எல்லையோர நகரான நார்வாவும் அதன் அயலிலுள்ள சில்லமேயும் தன்னாட்சி கோரி வாக்கெடுப்பு நடத்த முற்பட்டன. ரஷ்யப் படைகளோ இன்னும் நாட்டை விட்டு நீங்கவில்லை. கலப்புப் போருக்கு இதனினும் ஏற்ற களம் வேறில்லை.

இந்நிலையில் சனாதிபதி லென்னார்த் மெரி செய்த செயல் கருதத்தக்கது. அவர் அச்சட்டத்தை உடனே பிரகடனம் செய்யாது, ஐரோப்பியப் பாதுகாப்பு ஒத்துழைப்பு மாநாட்டினதும் ஐரோப்பிய அவையினதும் கருத்தைக் கோரினார். சட்டம் திருத்தப்பட்டது. மாநாட்டின் சிறுபான்மையினர் விவகார உயர் ஆணையாளர் மக்ஸ் வான் டெர் ஸ்டூல் இரு தரப்பினரையும் சந்தித்தார். வாக்கெடுப்பைப் பலாத்காரத்தால் தடுப்பதில்லை என்று அரசும், உயர் நீதிமன்றத் தீர்ப்புக்குக் கட்டுப்படுவோம் என்று நகரங்களும் உறுதியளித்தன. வாக்கெடுப்பு நடைபெற்றது, நீதிமன்றம் அதனைச் செல்லாதென்றது, இரத்தம் சிந்தப்படவில்லை. 1994 ஓகஸ்ட் 31இல் ரஷ்யப் படைகளும் வெளியேறின.

2004இல் எஸ்தோனியா நேட்டோவிலும் ஐரோப்பிய ஒன்றியத்திலும் உறுப்புரிமை பெற்றது. மூன்றாண்டுகளின் பின்னர், 2007 ஏப்ரல் இறுதியில், தாலின் நகர மத்தியில் 1947 முதல் நின்ற சோவியத் வீரனின் வெண்கலச் சிலையைப் படைவீரர் மயானத்துக்கு அரசு இடமாற்றியது. எஸ்தோனியருக்கு அச்சிலை ஆக்கிரமிப்பின் சின்னம். ரஷ்ய மொழியினருக்கோ நாஸிகளை வென்றோரின் நினைவு. இரு இரவுகள் கலகம் மூண்டது. ஓர் உயிர் பலியாயிற்று. சிலை துண்டு துண்டாக வெட்டப்பட்டதென்ற பொய்ச்செய்தி பரவியது. அதே வேளையில் அரசினதும் நாடாளுமன்றத்தினதும் வங்கிகளினதும் பத்திரிகைகளினதும் இணையத்தளங்கள் மூன்று வாரங்களாகத் தாக்கப்பட்டன. மொஸ்கோவிலிருந்த எஸ்தோனியத் தூதரகத்தை இளைஞர் அமைப்பினர் முற்றுகையிட்டனர். வந்திருந்த ரஷ்ய நாடாளுமன்றக் குழுவினர் எஸ்தோனிய அரசு பதவி விலக வேண்டும் என்றனர்.

இம்முறை எஸ்தோனியா மௌனம் சாதிக்கவில்லை. பின்லாந்து, ஜேர்மனி முதலிய நாடுகளின் கணினிப் பாதுகாப்பு வல்லுநர்கள் உதவினர். நேட்டோவும் வல்லுநரை அனுப்பியது. ஐரோப்பிய ஒன்றியத்தின் தலைமையை அப்போது வகித்த ஜேர்மனி இடையீடு செய்தது. தூதுவர் மொஸ்கோவை விட்டு நீங்கியதை அடுத்து முற்றுகை விலகியது. மே 18இல் சமாரா நகரில் நடந்த ஐரோப்பிய ஒன்றிய - ரஷ்ய உச்சி மாநாட்டில், ஓர் உறுப்பு நாட்டின் இடர் ஒன்றியம் முழுவதற்குமான இடரே என்பதை ஐரோப்பிய ஆணைக்குழுத் தலைவர் பரோசோ ரஷ்யத் தலைவர் முன்னிலையிலேயே எடுத்துரைத்தார். 1939இல் செல்தெருக்கு வாய்க்காதது இதுவே.

ஆனால் துணைவலிக்கும் எல்லையுண்டு என்பதை மறைத்தல் ஆகாது. நேட்டோ ஒப்பந்தத்தின் கூட்டுப் பாதுகாப்பு ஏற்பாடான 5ஆம் உறுப்புரை அன்று பயன்படுத்தப்படவில்லை. கணினித் தாக்குதலைப் போர்ச் செயலாகக் கொள்ளும் வரைவிலக்கணம் அப்போது இருக்கவில்லை. ரஷ்ய அரசு தனக்குத் தொடர்பில்லை என மறுத்தது. விசாரணைக்கு எஸ்தோனியா கோரிய சட்ட உதவியையும் வழங்கவில்லை. இறுதியில் எஸ்தோனிய நீதிமன்றத்தில் தண்டம் விதிக்கப்பட்டவர் ஒரேயொரு மாணவரே. மன்னுறு தொழிலா, தன்னுறு தொழிலா என்ற பழைய ஐயம் தீர்ந்தபாடில்லை.

அவ்வையத்தின் பயனை எதிரி முழுதாக அனுபவியாதபடி செய்வதே பின்னைய கூட்டு முயற்சிகளின் நோக்கமாயிற்று. 2008இல் நேட்டோவின் கணினிப் பாதுகாப்பு ஒத்துழைப்பு நிலையம் தாலினிலேயே நிறுவப்பட்டது. அதன் அழைப்பின்பேரிற் சட்ட அறிஞர்கள் ஆக்கிய தாலின் கைந்நூல் 2013இல் வெளிவந்தது. கணினித் தாக்குதலும் 5ஆம் உறுப்புரைக்கு உட்படலாம் என 2014இன் வேல்ஸ் மாநாடு ஏற்றுக்கொண்டது. 2017இற் கலப்பு அச்சுறுத்தல்களை எதிர்கொள்ளும் ஐரோப்பிய நிலையம் ஹெல்சிங்கியில் உருவாயிற்று. 2018இல் இங்கிலாந்தின் சோல்ஸ்பரி நகரில் நிகழ்ந்த நச்சுத் தாக்குதலின் பின்னர், இருபதுக்கு மேற்பட்ட நாடுகள் 150க்கு மேற்பட்ட ரஷ்ய இராஜதந்திரிகளை வெளியேற்றின. நீதிமன்றத் தீர்ப்புக்குக் காத்திராது, பல அரசுகள் ஒரே குரலிற் குற்றவாளியைப் பெயர் சுட்டும் முறை இவ்வாறு வேரூன்றியது.

2022 ஓகஸ்டில், உக்ரேன் போரின் நடுவே, நார்வாவில் நின்ற சோவியத் தாங்கி நினைவுச்சின்னத்தை அரசு அகற்றியபோது, 2007இன் பின்னர் கண்ட மிகப்பெரிய கணினித் தாக்குதல் தொடுக்கப்பட்டது. மக்களிற் பெரும்பாலோர் அதனை உணரவேயில்லை. ஆயினும், 2025 மார்ச்சில் நாடாளுமன்றம் யாப்பைத் திருத்தி, 1990கள் தொட்டு உள்ளூராட்சித் தேர்தல்களில் வாக்களித்து வந்த ரஷ்யக் குடியுரிமையாளரின் அவ்வுரிமையை நீக்கியது. பகைநாட்டின் செல்வாக்குக்கு வாயிலை அடைக்கும் செயல் இது என அரசு விளக்கியது. அதனாற் காவல் மிகுமா, மனக்கசப்பு மிகுமா என்பதைக் காலமே காட்டும். எனினும் 1993இல் நாட்டைக் காத்தது அடைத்த வாயிலன்று. திறந்த செவியே என்பதை வரலாற்று மாணவர் மறத்தலாகாது.

கலப்புப் போர் புதிய பிளவை உண்டாக்குவதில்லை. உள்ள பிளவிலே ஆப்பை இறுக்குகின்றது. ஆதலால் நட்புநாடுகளின் துணை இருவகைப்பட்டது. பகைவனின் பெயரை நம்மோடு சேர்ந்து உரைப்பது ஒன்று. நம் சட்டத்தின் குறையை நமக்கே எடுத்துரைப்பது மற்றொன்று. முன்னதை எல்லா அரசுகளும் விரும்பி ஏற்கும். பின்னதை ஏற்க மனத்திட்பம் வேண்டும். கவர்ந்த நிரையை மீட்கும் கரந்தைப் போருக்கு உடன்வருபவன் மட்டுமல்லன், தொழுவத்தின் வேலி எங்கே இற்றுள்ளது என்று காட்டுபவனும் துணைவனே.